ஐஸில் வைத்த டியூப்கள்

திங்கள், 14 ஜூலை

காலையிலிருந்து தூறல். மேட்டுப்பாளையம் ரயிலில் கோவை வரை நின்றுகொண்டே. குடையைத் தொலைத்தாயிற்று, இந்த மாதம் இரண்டாவது.

லேபில் கைடு சார் ஒரே குஷி. வெள்ளிக்கிழமை சென்னைக் கருத்தரங்கில் எங்கள் மருந்தைப் பற்றிப் பேசுகிறார். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் அதுதான். ஐந்து வருடம்.

பத்தாவது படிக்கும் தன் மகளுக்குப் புரிகிற மாதிரி சுருக்கம் கேட்டார். எழுதியது: வைரஸின் ஆர்.என்.ஏ. ஓரிடத்தில் முடிச்சாக மடிந்திருக்கும். புரதம் கட்டும் ரைபோசோம் அங்கே தடுக்கி, ஓர் எழுத்து பின்னால் சறுக்கும். சறுக்கினால்தான் வைரஸுக்கு வேண்டிய புரதம் கிடைக்கும். சறுக்கினால் ஒளிரும்படி எங்கள் டியூபை அமைத்திருக்கிறோம். மருந்து முடிச்சில் ஒட்டிக்கொண்டால் சறுக்கல் குறையும், டியூபில் ஒளியும் குறையும். மூன்று முறையும் குறைந்தது.

செவ்வாய், 15

ஆர்.என்.ஏ.வைச் சூடாக்கிய பிறகு எவ்வளவு நேரம் ஆறவிட்டேன் என்று சார் கேட்டார். அரை மணி என்றேன். லேப் நோட்டிலும் அப்படித்தான். மெதுவாக ஆறினால்தான் முடிச்சு சரியாக விழும்.

சொன்ன பிறகுதான் சந்தேகம்: எல்லா முறையுமா?

ரயிலில் இந்த டைரியைப் புரட்டினேன். ஏப்ரலில் என் கையெழுத்து: ‘மருந்து செட். நேரமில்லை. ஐஸில் வைத்து ஆற்றி, ஃப்ரீசரில் போட்டுவிட்டு ஓடினேன். ரயில் கிடைத்தது. சிடுமூஞ்சிக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.’ சிடுமூஞ்சி என்றால் சார். மே மாதத்தில் இன்னும் இரண்டு பக்கம். அதே ஐஸ்.

மருந்து இல்லாத செட்டைக் காலையில் செய்வேன். அதற்கு அரை மணி. மருந்து செட் எப்போதும் சாயங்காலம்.

முடிச்சே விழாவிட்டாலும் ஒளி குறையும். மருந்து சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

இந்த டைரியைத் தவிர யாருக்கும் தெரியாது. கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததையும் எழுதிவைக்கிறேன்.

புதன், 16

முதல் ரயில். எல்லா டியூபும் மேசைமேல் அரை மணி, கடிகாரம் பார்த்து.

வாங்க: குடை, கையுறை, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

மூன்று மணி. இரண்டு செட்டிலும் ஒரே ஒளி. கருவிதான் தப்போ என்று மறுபடி. அதே. கழிப்பறையில் போய் அழுதேன்.

அம்மா போன். குரல் ஏன் இப்படி என்றாள். சளி என்றேன். நம்பவில்லை. “எதா இருந்தாலும் ஊட்டுக்கு வா கண்ணு. சோத்தைத் தின்னுபோட்டுப் பாத்துக்கலாம்.”

வியாழன், 17

இன்றிரவு சாருக்குச் சென்னை ரயில். வாயால் சொல்ல வரவில்லை. அந்த மூன்று பக்கங்களையும் நேற்றைய எண்களையும் மேசையில் திறந்து வைத்தேன். படித்தார். ரொம்ப நேரம்.

“சிடுமூஞ்சிங்கறது நானுங்களா?”

ஆமாங்க சார் என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சென்னைக்குப் போன் போட்டு, பேச வரவில்லை, தவறு எங்கள் லேபில் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“மூணு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து லேப் நோட்டுல ஒட்டிப்போடுங்க அம்மணி. அந்த வார்த்தையோடவே.”

ஒட்டியாயிற்று. வேறொரு மருந்து, முதல் செட். டியூப்கள் மேசையில் ஆறுகின்றன. இன்னும் பன்னிரண்டு நிமிடம். என் மேட்டுப்பாளையம் ரயில் கிளம்பியிருக்கும்.