சமமாக மாட்டிய இரண்டு பாட்டில்கள்

புரட்டாசி மூன்றாம் சனி, இரவு. திருப்பதி ஆஸ்பத்திரி.

சாயங்காலம் நர்ஸ் சுனிதா என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் மருந்துள்ள சின்ன பாட்டிலை மேலேயும், குளுக்கோஸ் பாட்டிலை ஒரு கொக்கி போட்டுக் கீழேயும் மாட்டிவிட்டுப் போனாள். ஒன்று தாழ்ந்து தொங்கியது என் கண்ணை உறுத்தியது. கொக்கியைக் கழற்றி இரண்டையும் சமமாக மாட்டினேன்.

"ஆஸ்பத்திரியையும் வீடு மாதிரி அடுக்கிகினு இருக்கியா?" என்று இவர் சிரித்தார்.

ஒரு மணி நேரம் கழித்து ஹெட் சிஸ்டர் வந்து பார்த்தார். குளுக்கோஸ்தான் இறங்கியிருந்தது. மருந்து பாதிகூட இறங்கவில்லை.

"ஏம்மா சுனிதா, பெரிய பாட்டில எறக்கி மாட்டனாத்தான் மருந்து மொதல்ல எறங்கும்னு எத்தினி தபா சொல்றது?"

"எறக்கித்தான் மாட்டனேன் சிஸ்டர்."

"அப்ப அதுவா ஏறிக்கிச்சா? காலையில டாக்டருக்கு எழுதிக் குடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரியாக மாட்டினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். விடிந்ததிலிருந்து கோவிந்தா கோவிந்தா என்று சொன்ன வாய், நான்தான் என்று சொல்லத் திறக்கவில்லை.

மருந்து இப்போது இறங்கி முடிந்தது. காய்ச்சல் இன்னும் நூற்றிரண்டு. நான் தாமதப்படுத்தியதால்தானோ? சுனிதா வராந்தா மேசையில் அந்தக் காகிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டு தடவை கிழித்துவிட்டாள். இந்த டைரியை மூடிவைத்துவிட்டு அவளிடம் போகிறேன். பெருமாளே, கூட வாப்பா.