மஞ்சள் பக்கம் திரும்பிய வில்லை

கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் நுனியில் மிளகாய் நெடி போகவில்லை. அது தெரிந்தும் கண்ணைத் தேய்த்துவிட்டேன். ஒரு கண்ணில் தண்ணீர் வழிய வழியத்தான் இதை எழுதுகிறேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அழுகையும் கொஞ்சம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்று நம் ஸ்டோரில் மிளகாய்க் காம்பு கிள்ளும் வேலை. உனக்கு அறவே பிடிக்காத வேலை. அந்த மூட்டை உள்ளே வந்தாலே உனக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும், உடனே வேறு யாராவது அந்த வேலையை வாங்கிக்கொள்வார்கள். அது நிஜத் தும்மலா என்று எனக்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

எல்லாம் வேகாத துவரம்பருப்பில்தான் ஆரம்பித்தது. ஏழு விசில் விட்டும் பருப்பு கல்லாகக் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் கொட்டிவிட்டு வேறு பருப்பு வாங்கியிருப்பார்கள். நீ குக்கரை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டாய். பக்கத்தில் கையில் கரண்டியோடு நான். கரண்டியை எதற்கு எடுத்து வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் பருப்பு வாங்கிய மண்டி மொஹல்லா கடையில் அது பயன்பட்டது. "நிம்ம குக்கரே சரி இல்லம்மா" என்று கடைக்காரர் சொன்னதும், கரண்டி நிறையப் பருப்பை அள்ளி, தின்று பாருங்கள் என்று அவர் முன்னால் நீட்டினாய். "திந்து நோடி, ஸ்வாமி." அவரும் வாயில் போட்டுக்கொண்டார். மென்றார், மென்றார், விழுங்கவே முடியவில்லை. அப்போதும் குக்கர்தான் சரியில்லை என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ சொன்னாய்: "பத்து வீடு சேந்து நாமே மூட்டையா எடுத்தா என்னடீ? ஒரு பிடி வேக வச்சு, எல்லாரும் தின்னு பாத்துட்டு, அப்பறம் எடுக்கறது." நான் சிரித்தேன். அடுத்த வாரம் உன் வீட்டுக் கூடத்தில் பத்துப் பெண்கள் ஆளுக்கொரு கிண்ணத்தோடு உட்கார்ந்து, ஏதோ கல்யாண விருந்துபோல வெறும் பருப்பை ருசி பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்து வீடு நாற்பதாயிற்று. அக்ரஹாரத்தில் காலியாகிக் கிடந்த தையல்கடை நம் ஸ்டோர் ஆயிற்று. மெம்பர்கள் எல்லாரும் பங்குதாரர்கள், ஆளுக்கு ஒரே ஒரு ஓட்டு. மாதத்தில் ஒரு முறை மூன்று மணி நேரம் வந்து புடைப்பது, சலிப்பது, நிறுப்பது, பொட்டலம் கட்டுவது. சுவரில் ஒரு பலகை, அதில் ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கொரு மர வில்லை. முறையை முடித்தவர் தன் பெயர் எழுதிய வில்லையை மஞ்சள் பூசிய பக்கத்துக்குத் திருப்பிவிட்டுப் போகலாம். மாதப் பிறப்பன்று எல்லா வில்லைகளையும் பழையபடி வெறும் பக்கத்துக்குத் திருப்பி வைப்பார்கள்.

விதிகளை எழுதியது நான். பள்ளிக்கூட ஆபீசில் இருபது வருஷம் உட்கார்ந்தவளிடம் அந்த வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும்? இருபத்திரண்டு விதிகள் எழுதினேன். மூன்று மாதம் தொடர்ந்து ஒரு வில்லை திரும்பாவிட்டால் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது ஒன்பதாவது. நீ படித்துவிட்டு, "ஸ்டோர் நடத்தறமா, ரயில் விடறமா?" என்றாய். இரண்டு பேருமே ரயில்வே ஒர்க்ஷாப் ஊழியரின் பெண்கள், அதனால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஒரு விதியைக்கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எதிர்வீட்டு நாகரத்தினம்மாவைப் பதினோரு வருஷமாக எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது அவருடைய ஸ்கூட்டரின் நிறம் மட்டும்தான். ஒரு மதியம் எதிரெதிரே உட்கார்ந்து உளுந்து புடைத்தபோதுதான் அவருடைய மகன் வீட்டோடு பேசுவதில்லை என்பது தெரிந்தது. என் கணவர் போனபிறகு நான் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன் என்பது அவருக்கும் தெரிந்தது. கை வேலையிலும் கண் முறத்திலும் இருக்கும்போது மனிதர்கள் எதையும் சொல்லிவிடுகிறார்கள். உடம்பு முடியாத மெம்பர் வீட்டுக்கு, அன்றைக்கு முறை பார்ப்பவர் சாமான் பையைக் கொண்டுபோய்க் கொடுப்பது எந்த விதியிலும் இல்லை. அதை நீ வழக்கமாக்கினாய். சாம்பார்ப் பொடிச் சண்டையைத் தீர்த்ததும் நீதான். பட்டையும் கொப்பரையும் போட்டுக் கன்னடக்காரர்கள் அரைப்பது, போடாமல் தமிழ்க்காரர்கள் நாம் அரைப்பது என்று இரண்டு டின் வைத்தாய். இப்போது நம் ஆட்களில் பாதிப் பேர் அவர்கள் டின்னிலிருந்துதான் வாங்குகிறார்கள், யாரும் வெளியே சொல்வதில்லை.

"இந்தக் கடைக்கு ஓனர் யாரு?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு, அந்த நேரத்தில் யார் கையில் முறம் இருக்கிறதோ அவரைக் கை காட்டுவாய். ஒருமுறை வருமானவரி ஆபீசர் வீட்டம்மாவைக் காட்டினாய், ஒருமுறை பூக்காரம்மாவை.

இனி நம் சண்டை. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஸ்டோருக்குப் பின்னால் புது லேஅவுட்டில் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருந்த குடும்பங்கள் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டன. முதலில் வந்து கேட்டவள் ஹனூர்ப் பக்கத்து மாதம்மா. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள், நம் ஸ்டோரோ பதினொன்றுக்கு மூடிவிடும். சாயங்காலமும் திறக்கலாம் என்றாய் நீ. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வேளைக்கு ஆள் போதாது என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னைக்கு இங்க இருப்பாங்க, நாளைக்கு வேற சைட்டுக்குப் போயிடுவாங்க. வில்லையில பேர் காயறதுக்குள்ள ஆள் இருக்க மாட்டாங்க" என்றேன்.

"நம்ம அப்பாங்க மட்டும் அரமனைலயா பொறந்தாங்க? அவங்களும் வேலைக்கு வந்தவங்கதானேடீ."

"பலகைல எடமில்ல."

"ஆணிக்கா பஞ்சம்? இன்னொரு பலகை அடிச்சுக்கலாம்."

கை தூக்கி எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றது. நீ மட்டும் இன்னும் கை தூக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கினாய், எனக்கு எதிராக. ஒரே ஒரு ஓட்டில் தோற்றேன், அதுவும் உன் ஓட்டில். "உன்ன நம்பி வந்தேன் பாரு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வெளியேறினேன்.

ஏழு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மெயின் ரோட்டுப் பெரிய கடையில் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு சாமான் வாங்கினேன். எல்லாம் சுத்தமாக, பளபளவென்று இருந்தது. அந்த ஏசிக் குளிரில் 'ஏன் இப்படி இளைச்சுட்டே?' என்று கேட்க ஒரு ஆள் இல்லை. தெருவில் உன்னைப் பார்த்தால் கோவில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன். அந்த ஏழு மாதத்தில் பிள்ளையாருக்கு என் பக்தி அதிசயமாக இருந்திருக்கும்.

அப்புறம் துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்தேன். கணுக்காலில் மாவுக்கட்டு. மகள் புனேயிலிருந்து வந்து சேர இரண்டு நாளாகும் என்றாள். அன்று சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தால், முழங்கையில் சிமெண்டுப் பூச்சோடு மாதம்மா நிற்கிறாள், கையில் ஸ்டோர்த் துணிப்பை.

"ஸ்டோர்ல இருந்து வர்றேனுங்க்கா. கால் ஒடிஞ்சு போச்சுன்னாங்க. இன்னைக்கு என்ற மொறைங்க."

"நான் இப்ப மெம்பர் இல்லம்மா. வில்லையக் கழட்டியிருப்பாங்க."

"இல்லீங்க்கா, இருக்குதே. மாசாமாசம் மஞ்சப் பக்கந்தான் திரும்பியிருக்குது. அந்தக்கா மாசத்துல ரெண்டுவாட்டி வருவாங்கோ. 'இது அவளோடது'ன்னு சொல்லிப்போட்டுத்தான் மொறத்தையே எடுப்பாங்கோ."

யாரை வரக்கூடாது என்று வாதாடினேனோ அவள், என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அடுப்படியில் டப்பாக்களைத் திறந்து பார்த்து அரிசியையும் பருப்பையும் கொட்டிவைத்தாள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள். பையின் அடியில் சாம்பார்ப் பொடிப் பொட்டலம் இருந்தது. பட்டை போடாதது. பையைக் கட்டியது நீ என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

அன்று என் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வில்லை திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தேன். அவரவரே வந்து திருப்ப வேண்டும் என்று எழுத விட்டுப்போயிருந்தது. இருபத்திரண்டு விதி எழுதியவளின் வேலியில் நீ கண்டுபிடித்த ஓட்டை அது. அந்த வழியாகவே என்னை உள்ளே வைத்திருந்தாய்.

கட்டு பிரித்ததும் கைத்தடியோடு ஸ்டோருக்கு வந்தேன், சாயங்கால வேளைக்குத்தான். நீ தலை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாய். "மொறம் அங்க இருக்கு" என்றாய். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் என் கையில் எதையாவது திணித்தாய், ஒரு படி உளுந்து, பொட்டலம் கட்டுகிற நூல்கண்டு. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். காலைக் காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவள் எழுந்திருக்கவில்லை என்று உன் மருமகள் வந்து சொல்லும்வரை.

உனக்குக் காரியங்கள் முடிந்து ஸ்டோருக்கு வந்த அன்றுதான் பலகையைப் பார்த்தேன். உன் வில்லை வெறும் பக்கமாகத் தொங்கியது. என் ஒன்பதாவது விதி நினைவுக்கு வந்தது. மூன்று மாதம் போனால் உன் பெயரைக் கழற்றிவிடுவார்கள், நான் எழுதிவைத்தபடியே. நீ ஆரம்பித்த இடத்தில் நீ இல்லாமல் போவாய். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என் முறை முடிந்த மறுவாரம் இன்னொரு முறை வந்தேன். "இது அவளோடது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு முறத்தை எடுத்தேன். வில்லையை மஞ்சளுக்குத் திருப்பினேன். அடுத்த மாதமும் அப்படியே.

மூன்றாவது மாதம் மகளுக்கு ஆபரேஷன். புனேயில் மாட்டிக்கொண்டேன். மாதக் கடைசி நாளன்று சாயங்காலம்தான் ரயில் வந்து சேர்ந்தது. ஒரு மாதம் தவறினால் கழற்றிவிட மாட்டார்கள்தான், ஆனாலும் உன் வில்லை ஒரு மாதம்கூட வெறும் பக்கமாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகாமல் பெட்டியோடு ஸ்டோருக்கு ஓடினேன். கடை மூட மூன்று மணி நேரம்கூட முழுதாக இல்லை.

வில்லை மஞ்சளாக இருந்தது.

"ஏன்ரீ, பெட்டி ஜொதே பந்திதீரா? பெட்டியோட வந்திருக்கீங்களே, எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் நாகரத்தினம்மா. நான் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாதம்மாதான் மெல்ல ஆரம்பித்தாள்.

"நாந்தானுங்க்கா திருப்புனேன். முன்ன ரெண்டு மாசமும் நான் வர்றதுக்குள்ள திரும்பிக் கெடந்துச்சு. சரி, வந்தது வந்தோம்னு புடைச்சுப்போட்டுப் போனேன்."

"அய்யோ, நானும்தான்" என்றார் நாகரத்தினம்மா. பூக்காரம்மாவும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கையைத் தூக்கினாள். ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் நான்கு பேரும் உன் முறைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறோம். அந்த மாதங்களில் நம் துவரம்பருப்பு அவ்வளவு சுத்தமாக இருந்ததன் ரகசியம் இதுதான். முதலில் சிரித்தது பூக்காரம்மா. பிறகு நாங்கள் நான்கு பேரும் அழுதோம், பொட்டலம் வாங்க வந்தவர்கள் பயந்துபோகிற அளவுக்கு.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். உன் வில்லை இருக்கட்டும், உன் முறையை மாதம் ஒருவராகப் பார்த்துக்கொள்வோம் என்றேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர், கேட்டதில் தப்பில்லை, "புது ஆட்களுக்கு இடம் வேண்டாமா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பின் வரிசையிலிருந்து மாதம்மாவின் குரல் வந்தது:

"ஆணிக்கா பஞ்சமுங்க? இன்னொரு பலகை அடிச்சுக்கலாமுங்க."

நீ அதைச் சொன்ன அன்று அவள் கூட்டத்தில் இல்லை. எப்போது அவளிடம் சொன்னாயோ தெரியவில்லை. இந்த முறை எண்ணவே வேண்டியிருக்கவில்லை, எல்லாக் கையும் மேலே இருந்தது, என்னுடையதுதான் முதலில்.

இன்று உன் முறை எனக்கு விழுந்தது. மூன்று மணி நேரம் காம்பு கிள்ளினேன். முடித்துவிட்டு உன் வில்லையைத் திருப்பும்போது, பக்கத்தில் கோதுமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு புது மெம்பர், "இந்தப் பேருல ஒருத்தரையும் நான் பாத்ததே இல்லையே ஆண்ட்டி, யாரு இவங்க?" என்று கேட்டாள்.

"ஸ்டோருக்கு ஓனர்" என்றேன்.

"நமக்கு ஓனரே கிடையாதுன்னு சொன்னாங்களே?"

அவள் கையிலிருந்த முறத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குப் புரிந்தது. சிரித்தாள்.

மன்னிப்பு இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. நேரில் சொல்ல நீ இடம் கொடுக்கவில்லை. அதனால் என் முறை வரும்போதும் உன் முறை வரும்போதும், மூன்று மூன்று மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் உன் முறை நாகரத்தினம்மாவுக்கு. உளுந்தாம். நீ தும்ம வேண்டியிருக்காது.