கடைசித் தவணை

நெஸ்டர்,

சோறு பானையில் இருக்கிறது. கருவாட்டை நீயே பொரித்துக்கொள். வேலைக்குக் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு டெலியாவிடம் கொடுத்துவிடு.

நான் வங்கிக்குப் போகிறேன். நம் தாலாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தேய்த்த கிரெடிட் கார்டுக்கு இன்று கடைசித் தவணை.

"நாளையோட கடன் தீருதுடி, கார்டை வெட்டிப் போட்டுட்டு பான்சிட் நூடுல்ஸ் செஞ்சு கொண்டாடலாம்" என்று நேற்று நீ சொன்னதும், "புள்ளையே போயிட்டா, உனக்கு நூடுல்ஸ் கேக்குதா?" என்று கத்திவிட்டேன். உன்மேல் கோபமில்லை. மற்ற அம்மாக்கள் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். நானும் மாதாமாதம் என் மகளுக்காகத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் அவளுக்காக எதைக் கட்டுவேன், சொல்?

மாரிவிக்

பி.கு.: கார்டை நான் வருவதற்குள் வெட்டிவிடு. நான் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. பான்சிட் செய். ஆனால் நூடுல்ஸை நறுக்காதே. பிறந்தநாளுக்குச் செய்யும்போதெல்லாம் தாலா நாற்காலியில் ஏறி நின்று, "நறுக்காதம்மா, ஆயுசு கொறஞ்சிடும்!" என்று என்னைத் திட்டுவாளே. நீளமாகவே போடு. நீயாவது என்னோடு ரொம்ப நாள் இரு.