ஆறாவது துணி

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். அண்ணிக்கு ஏழாம் மாதம். கால்தான் வீங்கியிருக்கிறது, வாய் அப்படியேதான் இருக்கிறது.

போனில் பேசினால் உங்கள் கப்பல் கம்பெனி ஒட்டுக்கேட்கும் என்று நீயே சொன்னாய். அதனால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கப்பலில் வேலைக்கு ஏறும் நம் தெருச் சமையல்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வருடம்வரை எங்கள் ஆலையில் பள்ளிச் சீருடைதான். இரண்டு நாடுகள் எல்லைக்காக முறைத்துக்கொண்டதும் முதல் பட்டாள ஆர்டர் வந்தது. அடுத்த வாரமே எதிராளியின் ஆர்டரும் வந்தது. ஒரே கூடத்தில் இந்த வரிசையில் அவன் சட்டை, அந்த வரிசையில் இவன் சட்டை. பிறகு அவனுக்கு எண்ணெய் விற்றவன், இவனுக்குக் குண்டு விற்றவன் என்று வரிசை நீண்டது.

நான் மாதிரிச் சட்டை தைப்பவள். எந்த ஆர்டருக்கும் முதல் சட்டை என் மிஷினில்தான். ஒரு நாட்டின் துணி என் மேஜைக்கு வந்தால், மூன்று வாரத்தில் அந்த நாடு போரில் இறங்கியதாகச் செய்தி வருகிறது. ஐந்து முறை பார்த்துவிட்டேன்.

பக்கத்து மிஷின் அக்கா சூப்பர்வைசரிடம், "சண்டை நின்னுட்டா எங்களை என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "அதெல்லாம் நிக்காதும்மா, பயப்படாதே" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்!

நேற்று ஆறாவது துணி வந்தது. கடற்படைச் சட்டை. தோளில் வைத்துத் தைக்கக் கொடுத்த கொடி, உன் கப்பலில் பறக்கும் கொடி.

"எங்க கொடிக்கு யாரும் எதிரி இல்ல" என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறாய். அவள் அதை நம்பித்தான் தூங்குகிறாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சட்டையைத் தைத்தும் முடித்துவிட்டேன், அண்ணா. நான் மறுத்தால் வேறொருத்தி தைப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சமையல்காரரையும் எச்சரித்தேன். "நாலு பொண்ணுங்கம்மா எனக்கு, ஏறித்தான் ஆகணும்" என்றார். போரை முடிவு செய்கிறவன் வீட்டிலிருந்து ஒருவனாவது இப்படி ஏறுவானா?

நீ அவர் ஏறும் துறைமுகத்திலேயே இறங்கிவிடு. வயிற்றுவலி என்று சொல், கை உடைந்தது என்று சொல். ஒப்பந்தம் முறிந்தால் முறியட்டும். பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். வந்து கதவைத் தட்டு.

வழி பார்த்திருக்கும்,
உன் தங்கச்சி