கொடுத்துவிட்டு வாங்கும் சாவி

என் ஆசை மாமா,

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அழக்கூட நேரமில்லை, கோபப்படத்தான் நேரம் இருந்தது. உங்கள் பெண்டாட்டியை நம் மாவு மில் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மில் இருக்கும் வடக்கனந்தல் கட்டடத்துக்குப் பதினொரு மாதத்துக்கு ஒரு புது அக்ரிமெண்ட். ஒவ்வொரு தடவையும் காலி செய்துவிட்டுப் புதிதாக வருவதுபோல, காலையில் வெற்றிலை பாக்குத் தட்டில் சாவியை வைத்துக் கட்டடக்காரரிடம் கொடுப்பீர்கள். சாயங்காலம் பத்திரத்தோடு திரும்ப வாங்கி வருவீர்கள். இந்தத் தடவை நான் போனேன். பெரியவர் படுத்த படுக்கை. அவர் மகன் ராஜவேலுதான் தட்டை வாங்கினான். சாயங்காலம் போய்க் கேட்டால், "அதான் காலி பண்ணிட்டீங்களேக்கா, சாவிய நீங்களே குடுத்தீங்க இல்ல" என்றான். கொஞ்சமும் கூச்சமில்லை.

கேஸ் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று வக்கீல் கள்ளக்குறிச்சி சமரச மையத்துக்கு அனுப்பினார். பேசித் தீர்த்துக்கொள்ளலாமாம். பிடுங்கினவனும் பறிகொடுத்தவளும் ஒரே மேஜையில் என்ன பேசுவது?

அங்கே அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. துணைக்கு வந்த உங்கள் தம்பியைப் பார்த்தே பேசினான். "அண்ணன் போனப்புறம் மில்ல யாரு ஓட்டுவாங்க? பொம்பள ஒண்டியா இன்னா பண்ணுவாங்க?" உங்கள் தம்பியும் தலையாட்டினார். மாமா, பத்து வருஷமாக அரவைக் கல்லைக் கொத்தியது யார்? பெல்ட் மாட்டியது யார்? ஒருநாளாவது நீங்கள் வெளியில் சொன்னீர்களா?

சமரசம் பேசிய வக்கீலம்மா அவனை நிறுத்தினார். "நீங்க சொல்லுங்கம்மா. அன்னிக்கு மில்லுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"மலையிலேர்ந்து வந்த சாமை ரெண்டு மூட்டைங்க. கல்யாண வூட்டு மொளகா ஒரு கூடை. கோதுமை டப்பா ஏழு, எல்லாத்துலயும் பேரு எழுதியிருக்கு. காலி பண்றவ ஊரு ஜனங்க சாமானை உள்ள வச்சிக்கினா சாவி குடுப்பா?"

வக்கீலம்மா அவனைத் தனி அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினாரோ, அதை வெளியே சொல்ல மாட்டார்களாம். திரும்பி வந்தவனுக்குக் குரல் இறங்கியிருந்தது. மூன்று வருஷத்துக்குப் பதிவுப் பத்திரம் தருகிறேன், ஆனால் உங்கள் தம்பி பேரில் என்றான்.

"எம்பேர்ல இருந்தா ஒங்களுக்கும் பாதுகாப்பு தான அண்ணி?" என்றார் உங்கள் தம்பி.

"எம்பேரு இல்லாத பத்திரம் எனக்கு எதுக்கு?" என்று எழுந்தே விட்டேன். அப்புறம்தான் என் பேர் ஏறியது, சாவியும் கைக்கு வந்தது. வெளியே வரும்போது, "மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்கக்கா" என்றான் ராஜவேலு. வச்சிக்குவேன் என்றேன். மறக்க வேண்டும் என்று அந்தப் பத்திரத்தில் எங்கேயும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய அக்ரிமெண்ட் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வாடகைதாரர் நீங்கள். சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து. மில்லை ஓட்டியவள் சாட்சியா மாமா? ராஜவேலு ஒரு நாள் செய்ததை நீங்கள் பத்து வருஷம் செய்திருக்கிறீர்கள்.

மில்லை நல்லபடியாக ஓட்டுவேன், இது சத்தியம். உங்கள் படத்தைத் துடைத்து மாட்டியிருக்கிறேன், மாலை மட்டும் இன்னும் போடவில்லை. இந்தக் கோபம் ஆறுகிற அன்றைக்கு நானே கட்டிப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டி,
மில்லுக்காரி செல்லம்மாள்.