மெத்தென்று இறங்கும் பிரேக்

9 நவம்பர் 1974, சனிக்கிழமை. ஆனைக்கரை.

ஜீப்பின் பிரேக் குழாய்களிலிருந்து காற்றை நானே வெளியேற்றினேன். நூலைப் படித்து நானே கற்ற வேலை. கணவர் பெடலை மிதிக்க, நான்கு சக்கரங்களிலும் குமிழி நிற்கும்வரை ஆயிலை வடித்தேன். ஆயினும் பெடல் சேற்றில் கால் வைத்ததுபோல் மெத்தென்று இறங்குகிறது.

காரணம் மாலையில்தான் விளங்கியது. மலையில் எல்லோரும் செய்வதுபோல், வண்டியை மேடு நோக்கி நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்திருந்தோம். அந்தச் சாய்விலேயே வேலையை முடித்துவிட்டேன். உயர்ந்திருந்த முனையில் காற்று தங்கிவிட்டது. சமதளத்துக்குத் தள்ளிச் சென்று மீண்டும் செய்ய வேண்டும். பிரேக் ஆயில் ஒரு சொட்டும் மீதமில்லை. நாளை ஞாயிறு, குமுளியில் கடை திறக்காது.

விடிந்ததும் அவர் தம் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு உறவினரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் கம்பம் இறங்குகிறார். வேண்டாம் என்று மன்றாடினேன்.

"ரெண்டு மிதி மிதிச்சா நிக்குதுல்லா? பொஸ்தகம் படிச்ச மெக்கானிக்கம்மா, பேசாம சோத்தப் போடு."

"வளைவுல ரெண்டாவது மிதிக்கு நேரம் இருக்குமாங்க?"

"நிச்சயத்த நிறுத்தச் சொல்லுதியா? எந்தங்கச்சி மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அவர் அருகில் அமர்ந்து, வழி நெடுகக் கைபிரேக்கைப் பற்றியிருப்பதென்று தீர்மானித்தேன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு மேரியிடம் விட்டுச் செல்கிறேன். அத்தையைப் பார்க்கத் தானும் வருவேன் என்று மூத்தவள் அழுதாள். அடித்துவிட்டேன். இதுவரை அவள்மீது நான் கை வைத்ததே இல்லை.