பழுப்பு நாய்

ஜூலை 5, சனி

படிவத்தில் இரண்டு கட்டங்கள். முன் இருக்கை. பின் இருக்கை. முன் இருக்கையில் குறியிட்டேன். கடைசிக் கேள்வி: உங்களோடு ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டியது ஏதேனும் உண்டா? ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பார்வையற்றவர்களை இரட்டைச் சைக்கிளில் அழைத்துப் போகும் தன்னார்வக் குழு. முன்னால் இருப்பவர் கேப்டன். பார்ப்பது, திருப்புவது, பிரேக் பிடிப்பது எல்லாம் அவர். பின்னால் இருப்பவர் மிதிப்பார். நம்புவார். என் ஜோடி ஹம்னா. முப்பது வயது, தெம்பனிஸில் வீடு, ஒரு வங்கியின் தொலைபேசிச் சேவையில் வேலை. பதினான்கு வயதிலிருந்து பார்வை இல்லை.

“ஈவா, என்ன வெயிட்டு நீ?” சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் இதுதான் அவளுடைய முதல் கேள்வி. சொன்னேன்.

“பொய். சைக்கிள் சீட்டு வேற மாதிரி சொல்லுது லா.”

நவம்பரில் குழு தாய்வான் போகிறது. வடகிழக்குக் கரையில் கைவிடப்பட்ட ரயில் பாதையைத் தார்போட்டுச் சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்கள். முதலில் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், மங்கிய விளக்குகள். வெளியே வந்தால் கடல். ஹம்னா இதற்காக இரண்டு வருடமாக விடுப்பு சேர்த்திருக்கிறாள். அதுவரை எங்கள் பயிற்சிக்கு இங்குள்ள பழைய ரயில் பாதை. சனிக்கிழமை மாலைகள்.

‘சுரங்கம்’ என்று அவள் சொன்னபோது பேச்சை மாற்றினேன். ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

ஜூலை 19, சனி

“பம்ப்.” “ரைட்ல வளைவு.” “ஸ்லோ.” பேசிக்கொண்டே ஓட்டுவது பழகிவிட்டது. ஹம்னாவுக்கு நான் பாதி சொன்னாலே போதும். சத்தத்தில் இடம் தெரிகிறது அவளுக்கு. மரங்கள் நெருங்கினால் ஒன்று, இரும்புப் பாலம் வந்தால் வேறொன்று. பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். கைப்பிடிக் கம்பியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாள்.

“இதுக்கு அடியில ரோடு. பஸ் போகுது. நூத்தி எழுவதா?”

எட்டிப் பார்த்தேன். நூற்று எழுபதுதான்.

புக்கிட் தீமா பழைய நிலையம் தாண்டியதும் ஒரு குழந்தை, ஸ்கூட்டரில், சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால். எங்கிருந்து வந்தது? பிரேக். குழந்தையின் தகப்பன் கத்தினான், கண் இல்லையா என்று, ஆங்கிலத்தில். ஹம்னா பின்னாலிருந்து கையைத் தூக்கினாள்.

“சாரி பாஸ், என்கிட்ட இல்ல. அவகிட்ட கேளுங்க.”

அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் சிரித்தாள். நானும்.

கொஞ்ச காலமாகப் பொருள்கள் என்னை நோக்கி வருவதில்லை. திடீரென்று இருக்கின்றன.

ஜூலை 24

மேசையில் தேநீரைத் தட்டிவிட்டேன். இந்த மாதம் இது மூன்றாவது.

ஆகஸ்ட் 9

தேசிய தினம். தாழ்வாரத்தில் எல்லோரும் அணிவகுத்துப் பறந்த விமானங்களைப் பார்த்தார்கள். “அதோ அதோ” என்று அம்மா என் முகத்தைத் திருப்பினாள். வானம் மட்டும் இருந்தது. “பார்த்தேன்” என்றேன்.

பிறகு ஜார்ஜ் மாமாவைப் பற்றிக் கேட்டேன். அம்மாவின் அண்ணன். லாரி ஓட்டியவர், முப்பது வயதில் விட்டுவிட்டார். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

“மாமாவுக்குக் கண்ணுல ஏதாவது இருந்துச்சா?”

“கண்ணுக்கென்ன? கண்ணாடிகூடப் போட்டதில்ல. அவனுக்கு இருட்டுன்னா ஆகாது, அவ்வளவுதான்.”

இருட்டு ஆகாது. புளிப்பு ஆகாது என்பதுபோல. ஆனால் எனக்கு நினைவிருக்கிறது: சொந்த வீட்டில் சுவரில் கைவைத்து நடந்தவர்.

ஆகஸ்ட் 30, சனி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் பிறகு மாற்றிவிடுவேன்.

மாலை ஆறே முக்கால். தெளிவான வெளிச்சம். பாதை ஒரு மேம்பாலத்துக்கு அடியில் போகிறது. நுழைந்ததும் கறுப்பு. மற்றவர்களுக்கு அது நிழல். எனக்குக் கறுப்பு. வேகத்தைக் குறைத்திருக்கலாம். ‘ஸ்லோ’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். மிதித்தேன். அந்தப் பக்கத்து வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு குழாய்க்குள் இருப்பதுபோல.

மஞ்சள் கம்பம். இடக் கைப்பிடி அதில் மாட்டியது.

நான் அவள்மேல் விழுந்தேன். அவள் தன் கைமேல் விழுந்தாள். சத்தம் கேட்டது. சின்ன சத்தம்தான்.

“என்ன? என்னாச்சு? ஈவா!”

“நாய்,” என்றேன். “நாய் ஒண்ணு குறுக்க வந்துருச்சு.”

நாய் இல்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன். நாய் இல்லை.

ஹம்னா தலையை ஒரு பக்கம் சாய்த்து, வலியோடு, எதையோ கேட்பதுபோல இருந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே.

ஆகஸ்ட் 31

இடது மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஒருங்கிணைப்பாளர் ஹுசைன் விபத்துப் படிவம் அனுப்பினார். பாவம், என்னைத்தான் தேற்றுகிறார். “உங்க தப்பு இல்லம்மா. டீட்டெய்ல் மட்டும் குடுங்க. நாய் என்ன கலரு? என்ன சைஸு?”

பழுப்பு, என்று எழுதினேன். நடுத்தர உயரம். எழுதிய பிறகு அது எனக்குக் கொஞ்சம் தெரியத் தொடங்கியது. ஒரு காது மடிந்திருந்தது.

செப்டம்பர் 3

குழுவின் வாட்ஸாப்பில் எச்சரிக்கை: மேம்பாலத்தருகே பழுப்பு நாய். கீழே ஜெய், மூத்த கேப்டன், பத்து வருட அனுபவம்: ‘ஆமாம், நானும் பார்த்திருக்கிறேன். மூர்க்கமானது.’

இன்னொருவர்: ‘இரண்டு இருக்கின்றன.’

யார் இவர்கள்? எதைப் பார்த்தார்கள்?

செப்டம்பர் 13, சனி

தெம்பனிஸ். ஹம்னாவின் வீடு. பழம் வாங்கிப் போனேன். மேசையில் அவள் கை வழுக்கிக்கொண்டே போய்க் கோப்பையைத் தொட்டு நின்றது, ஒரு சொட்டு சிந்தாமல். என் முழங்கை தட்டில் பட்டது. கரண்டி விழுந்தது. அவள் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

“ஆபீஸ்ல எல்லாரும் ப்ளாஸ்டர்ல சைன் பண்ணிட்டாங்க. என்ன எழுதியிருக்கு, படி.”

படித்தேன். ‘கெட் வெல்.’ ‘குயீன் ஆஃப் த ரோடு.’

“நீயும் எழுது.”

பெயரை மட்டும் எழுதினேன். எழுத்து கோணியது. நல்லவேளை, அவளால் — இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

தாய்வானைப் பற்றிப் பேசினாள். மருத்துவர் சரி என்றாராம். நாயைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. குழு முழுவதும் நாயைப் பற்றிப் பேசும்போது அவள் மட்டும் ஏன் பேசவில்லை?

செப்டம்பர் 24

கண் மருத்துவமனை. வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகம். ஒளிப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். நீண்ட நேரம் எதுவும் தெரியவில்லை. கருவியின் மெல்லிய சத்தம் மட்டும். அந்தத் தாளத்துக்கு அழுத்தத் தொடங்கினேன். ஏன் செய்தேன்? யாரை ஏமாற்ற?

பரிசோதகர் அழகப்பன் தாளைப் பார்த்தார். பிறகு என்னை.

“மிஸ், லைட்டே இல்லாதப்ப நெறைய தடவ அழுத்தியிருக்கீங்க. ரிலாக்ஸ் பண்ணுங்க. இது எக்ஸாம் இல்ல.”

மறுபடியும் செய்தோம். நேர்மையாக. வரைபடத்தில் நடுவில் ஒரு வெள்ளை வட்டம், நாணயம் அளவு. சுற்றிலும் கறுப்பு. விழித்திரை நோய், குடும்பத்தில் வருவது. வட்டம் மெதுவாகக் குறுகும். எவ்வளவு மெதுவாக என்று யாராலும் சொல்ல முடியாது. வண்டி ஓட்டக் கூடாது. சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “தனியாவா ஓட்டுறீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“தனியாத்தான்,” என்றேன்.

செப்டம்பர் 25

சொல்ல வேண்டும். நாளை.

அக்டோபர் 2

நாளை.

அக்டோபர் 18, சனி

ஹம்னாவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். அவளே கூப்பிட்டாள். ரயில் பாதை வேண்டாம், ஈஸ்ட் கோஸ்ட் போகலாம், கடலோரம், காலை ஒன்பது மணிக்கு என்றாள். நல்ல வெயில். என்னால் முடியும் என்று நினைத்தேன். போனேன். எழுதும்போது கை கூசுகிறது. போனேன்.

மெதுவாகத்தான் ஓட்டினோம். இடப்பக்கம் கடல் என்பதைக் காற்றில் உணர்ந்தேன். பார்க்க வேண்டுமென்றால் தலையை முழுதாகத் திருப்ப வேண்டும். திருப்பினால் பாதை காணாமல் போகும்.

“லெஃப்ட்ல யாரோ ஓடுறாங்க,” என்றாள் பின்னாலிருந்து.

ஓடினார்கள். நான் பார்த்திருக்கவில்லை.

“முன்னால பெல்லு. ரெண்டு சைக்கிள்.”

“ஆமா.”

“ரைட்ல பிள்ளைங்க. ஸ்லோ.”

குறைத்தேன். ஒரு கிலோமீட்டர் முழுவதும் அப்படித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னாள், நான் கீழ்ப்படிந்தேன். பிறகு அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். சைக்கிள் தானாக ஓய்ந்து நின்றது.

“போதும். வீட்டுக்குப் போலாம்.”

அக்டோபர் 25, சனி

ஜாலான் புசாரில் என் வீட்டுக்குக் கீழே உள்ள சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னாள். தீபாவளி முடிந்தும் சிராங்கூன் சாலையில் விளக்குகளை இன்னும் எடுக்கவில்லை. அவற்றுக்குக் கீழே நடந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தே தாரிக் வந்தது, நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர். என் கோப்பையை எடுக்கப்போய்ச் சர்க்கரைப் புட்டியைத் தள்ளினேன்.

“அஞ்சு,” என்றாள் ஹம்னா.

“என்ன அஞ்சு?”

“நீ தட்டிவிட்டது. நான் கேட்டது மட்டும்.” கோப்பையை நகர்த்திவைத்தாள். “நாய்க்கு நகம் இருக்கும்ல?”

புட்டியை நிமிர்த்திவைத்தேன்.

“சிமெண்டுல ஓடினா கேக்கும். மூச்சு கேக்கும். நாம விழுந்தா அது கத்தும், இல்லன்னா ஓடும். ஒண்ணுமே இல்ல. எட்டு வாரம் வெயிட் பண்ணேன், நீயா சொல்லுவன்னு. போன வாரம் ஏன் வந்தேன் தெரியுமா? கன்ஃபர்ம் பண்ண. உனக்கு என்னவோ ஆயிருக்குன்னு தெரியும். எவ்வளவுன்னு தெரியல.”

சொன்னேன். வட்டம், கறுப்பு, மாமா, எல்லாம். தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. அழவில்லை. அவள் ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று மனதில் எங்கோ எதிர்பார்த்திருந்தேன்.

“என் கண்ணு போனது யாரு தப்பும் இல்ல,” என்றாள். “என் கை போனது உன் தப்பு.”

“தெரியும்.”

“டனல்குள்ள என்ன பண்ணியிருப்ப? அங்கயும் நாய் விட்டிருப்பியா?”

நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் பயம்.

“நான் ஹுசைன்கிட்ட சொல்ல மாட்டேன். நீ சொல்லு.”

எழுந்து மடித்திருந்த வெள்ளைக் கோலை விரித்தாள். கடைவாசலில் நின்று, திரும்பாமலே, “படி ரெண்டு இருக்கு, பாத்து வா,” என்றாள். ஏளனமா அக்கறையா? இறங்கினேன். இரண்டுதான்.

அக்டோபர் 26

ஹுசைனிடம் சொன்னேன். “படிவத்த மாத்தி எழுதிக் குடுங்கம்மா,” என்றார். ‘பழுப்பு’ என்ற சொல்லை நானே அடித்தேன்.

இரவு குழுவில் நானே எழுதினேன்: நாய் இல்லை. நான் பார்க்கவில்லை, கம்பத்தை. என் கண்ணில் நோய்.

முப்பத்தோரு பேர் படித்தார்கள். ஜெய்யிடமிருந்து எதுவும் இல்லை.

நவம்பர் 22, சனி

ஹம்னாவிடமிருந்து குரல் பதிவு. ஒரு மாதத்தில் முதல் செய்தி. பன்னிரண்டு நிமிடம்.

வீட்டில் விளக்கு போடாமல் கேட்டேன். போட்டாலும் போடாவிட்டாலும் என்ன என்று பார்ப்பதற்காக. சுரங்கத்துக்குள் சக்கரங்களின் ஒலி, ஈரச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. முன்னாலிருந்து ஒரு ஆண்குரல்: “பம்ப். ஸ்ட்ரெய்ட். எதிர்ல ஆள்.” ஜெய். ஓயாமல் சொல்லிக்கொண்டே வருகிறார். எதையும் விடவில்லை. நான் என் சோபாவின் கைப்பிடியைப் பிடித்திருந்தேன். பத்தாவது நிமிடம் எதிரொலி அறுந்தது. காற்று. அதற்குப் பிறகு அலை, பெரியது, நம் ஊர் அலை இல்லை.

அவள் குரல், மூச்சு வாங்க: “வெளிய வந்துட்டோம். கடல் லெஃப்ட்ல. ஜெய்கிட்ட கேட்டேன், நாய் ஏதாவது இருக்கான்னு. மனுஷன் பேசவே இல்ல லா.”

அவள் சிரிக்கிறாள். கொஞ்சம்தான். பிறகு அலை மட்டும்.

ஜனவரி 3, சனி

அதே படிவம். புது ஆண்டுக்கு எல்லோரும் மறுபடியும் நிரப்ப வேண்டுமாம். ஹுசைன் எனக்கும் அனுப்பியிருக்கிறார். தவறுதலாகவா என்று கேட்டேன். “ஹம்னாதான் அனுப்பச் சொன்னாங்க,” என்றார்.

பின் இருக்கை.

கடைசிக் கேள்விக்கு மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள். போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினேன்.